மூன்றாவது பார்ட்டிஷன்

பிப்ரவரி 5, திங்கள்

காலையில் நான்காவதாக வந்த பெண்ணின் ஸ்கேன் படங்கள் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. டிஸ்கில் இடமில்லை என்று திரையில் வந்தது. உள்ளேயிருந்து மேடம், "வசுமதி, என்ன பண்ணிட்டிருக்கே? படம் எங்கே?" என்று சத்தம் போட்டார். வேண்டாத சில பிரின்ட் கோப்புகளை அழித்து அப்போதைக்கு ஒப்பேற்றினேன்.

இந்த ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன், டைப்பிங், கம்ப்யூட்டர் மூன்றும் என் பொறுப்பு. மேடம் என்பது டாக்டர் சாந்தகுமாரி. கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அதை அமைத்தவர், எனக்கு முன்பே இங்கே சேர்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட எட்வின். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் மத்தியானம் சாப்பிடப் போனவர், திரும்பி வரவில்லை.

டிஸ்கில் கை வைத்தால் செய்ததையெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும் என்று டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்காகத்தான் மருந்துக் கம்பெனி கொடுத்த இந்த டைரி. வேறெதுவும் இதில் எழுதப்போவதில்லை.

சலவைக்குப் பெட்ஷீட் பதினொன்று. ஜெல் பாட்டில் இரண்டுதான் மிச்சம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

டிஸ்கைப் பார்த்தேன். ஒரே டிஸ்க்தான். கோடு கிழித்ததுபோல் மூன்று பார்ட்டிஷனாகப் பிரிந்திருக்கிறது. முதலாவதில் லினக்ஸ். இரண்டாவதில் ஸ்கேன் படங்கள். அதுதான் நிரம்பி வழிகிறது. மூன்றாவது, டிஸ்கில் பாதிக்கும் மேல். அதற்குப் பெயரும் இல்லை, கம்ப்யூட்டர் கிளம்பும்போது அது திறப்பதும் இல்லை. நான்கு வருடமாக இந்த இயந்திரத்தின் முன்னால் உட்காருகிறேன். இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மூன்றாவதை எடுத்துவிட்டு அந்த இடத்தை இரண்டாவதோடு சேர்த்தால் இன்னும் பல வருடத்துக்குக் கவலை இல்லை. மேடத்திடம் சொன்னேன். கையிலிருந்த டீயை மேசையில் வைத்தார்.

"மூணாவதா? அது என்னது?"

"எட்வின் வெச்சுட்டுப் போயிருக்கார் மேடம். உள்ளே என்ன இருக்குன்னு பாத்துட்டு..."

"பாக்க வேண்டாம்." பிறகு சிரித்துக்கொண்டே, "பழைய குப்பையா இருக்கும். நான் சொல்றப்போ அழிச்சுக்கலாம்" என்றார்.

டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். டம்ளரைக் கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 7, புதன்

படி எடுக்காமல் ஒரு பார்ட்டிஷனை அழிக்கக் கூடாது. அதனால் வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்று கேட்டேன். "வேண்டாததுக்கு யாராவது காப்பி எடுப்பாங்களா?" என்றார் மேடம். இருபதாம் தேதி மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்களாம். அதற்குள் கம்ப்யூட்டர் சுத்தமாக இருக்க வேண்டும். ஆய்வு திடீரென்று வருவதுதான் வழக்கம். இவருக்குத் தேதி எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் ஸ்டோர் ரூமில் நின்று எட்வினுக்கு போன் செய்தேன். கோயம்புத்தூரில் இருக்கிறார். மூன்றாவது முறைதான் எடுத்தார்.

"அக்கா, அத எப்படிப் பாத்தீங்க?"

"டிஸ்க் ஃபுல் ஆயிருச்சு எட்வின். அதுல என்ன இருக்குது?"

"எல்லாமே இருக்குது. மேடம் அழிக்கச் சொல்ற ஒவ்வொண்ணையும் அதுல ஒரு காப்பி போட்டு வெச்சேன். நாளைக்கு என்மேல பழியத் தூக்கிப் போட்டுட்டாங்கன்னா? அந்தப் பயந்தான். எடுத்துக் குடுக்கறதுக்குத் தைரியம் வரல, ஓடிட்டேன்." மூச்சு விட்டார். "திறக்காதீங்க அக்கா. அப்படியே அழிச்சுருங்க."

"ஏன்?"

அதற்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

என் மகள் கனிஷ்காவுக்குக் காய்ச்சல். லீவு.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்று ரிப்போர்ட் வாங்க ஐந்து குடும்பம் வந்தது. சிலருக்குத் திங்கட்கிழமை வரச்சொல்வோம், சிலருக்கு வெள்ளிக்கிழமை. ஸ்கேன் முடிந்ததும் மேடம் உள்ளேயிருந்து ஒரு கிழமையைச் சொல்வார். நான் அதைச் சீட்டில் எழுதி, "வெள்ளிக்கிழமை வாங்க" என்று கூட வந்தவரிடம் கொடுப்பேன். அவ்வளவுதான் என் வேலை.

வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. ரிப்போர்ட்டைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அவர்களில் யாரும் திரும்பி வந்ததாக நினைவில்லை. வேறு சென்டருக்குப் போவார்களாக இருக்கும்.

சாயங்காலம் வீட்டில் அத்தை, "கோகிலாவுக்கு நாலாம் மாசம் நடக்குது. ஒருக்கா பாத்துரலாம். உன்ற மேடங்கிட்ட நீயே ஒரு வார்த்த சொல்லி வெய்யி" என்றார். கோகிலா அத்தையின் இரண்டாவது மருமகள், என் கணவரின் தம்பி மனைவி. பின்வீட்டில் இருக்கிறாள். இரண்டும் பெண் குழந்தைகள். அத்தை பேசும்போது அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். என் கணவர் நல்லசிவம் லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்தும் குழாயை மூடாமல் நின்றார்.

பிப்ரவரி 12, திங்கள்

மேடம் ஒன்பதரைக்குத்தான் வருவார். எட்டரைக்கே போய் மூன்றாவது பார்ட்டிஷனைத் திறந்தேன், படிக்க மட்டும். எதையும் மாற்றவில்லை. அழிப்பதற்கு முன் பார்ப்பது தொழில் முறை, அதனால்தான்.

வருடவாரியாக, மாதவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார் எட்வின். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படம், ஒரு நிமிட வீடியோ. எல்லாவற்றுக்கும் மேலே நீளமான ஒரு பட்டியல். தேதி, பெயர், ஊர், எத்தனை வாரம், குழந்தையின் இதயத் துடிப்பு, ஆணா பெண்ணா, சொன்ன கிழமை, யாரிடம் சொல்லப்பட்டது.

ஆண் என்று இருக்கும் வரிகளில் எல்லாம் திங்கள். பெண் என்று இருக்கும் வரிகளில் எல்லாம் வெள்ளி.

2021 மார்ச் வரை வந்தபோது மேடத்தின் காருக்கு வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடிவிட்டேன். என் பெயரைப் போலவே ஒரு பெயர் கண்ணில் பட்டது. வசுமதி என்று எத்தனையோ பேர் இருப்பார்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

பிரின்ட் பேப்பர் வந்தது. ஜெல் பாட்டில் பன்னிரண்டு வந்தது. கனிஷ்காவுக்குக் காய்ச்சல் விட்டது.

இன்று ஒரு பெண்ணின் மாமனாரிடம் சீட்டை நீட்டினேன். வாயிலிருந்து கிழமை வரவில்லை. அவரே படித்துப் பார்த்து, "வெள்ளிங்களா?" என்றார். தலையாட்டினேன்.

பிப்ரவரி 14, புதன்

எழுதிவிடுகிறேன்.

2021 மார்ச் 10, புதன்கிழமை. வசுமதி, கணவர் பெயர் நல்லசிவம், எங்கள் தெரு, எங்கள் ஊர். பதினைந்து வாரம். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 152. பெண். வெள்ளி. சொல்லப்பட்டது: கணவரிடமும் மாமியாரிடமும்.

அப்போது நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். ஸ்கேன் திரையை என் பக்கம் திருப்பாமல் மேடம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "துடிப்பு இல்லம்மா வசு. சில சமயம் இப்படி ஆகும். உன்மேல தப்பில்ல" என்றார். நான் அழுதபோது அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியில் முடித்தார்கள். மேடம் ஒரு மாதம் சம்பளத்தோடு லீவு கொடுத்தார். அந்த நன்றிக்காகவே இன்றுவரை அவரிடம் எதையும் எதிர்த்துக் கேட்டதில்லை.

வீடியோவைத் திறந்தேன். சத்தம் இல்லாத வீடியோ. நடுவில் ஒரு சின்ன வெளிச்சம் திறந்து திறந்து மூடுகிறது. ஒரு நிமிடமும் எண்ணினேன். எண்ணிக்கை தவறிவிட்டது, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

எட்வின் அன்றைக்கு போனில் சொன்னது இதுதான்: "உங்களோடதும் அதுல இருக்குதுக்கா."

பிப்ரவரி 15, வியாழன்

வேலைக்குப் போனேன். எல்லோருக்கும் டோக்கன் கொடுத்தேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

கோகிலாவுக்கு வரும் வியாழன், 22ஆம் தேதி என்று அத்தை மேடத்திடம் நேராகவே போனில் பேசி முடித்துவிட்டார். "இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிரட்டும், அப்புறம் எல்லாம் வழக்கம்போலத்தான்" என்று மேடம் சொன்னாராம்.

என் கணவரிடம் கேட்க நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, அன்னைக்கு மேடம் உங்ககிட்ட தனியா என்ன சொன்னாங்க?" என்றேன். என்றைக்கு என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தட்டில் பாதிச் சோறு இருக்க எழுந்துபோய்க் கை கழுவினார்.

டைரியை இனி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பழைய ஜெல் பெட்டிக்குள் வைக்கிறேன்.

பிப்ரவரி 17, சனி

மேடம் நாற்காலியை இழுத்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "இப்ப அழி. நான் பாக்கணும்."

பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, டிஸ்கைக் காட்டும் திரையைத் திறந்தேன். மூன்று கட்டங்கள். மூன்றாவதைத் தொட்டு அழி என்று கொடுத்தேன். உறுதியா என்று கேட்டது. மேடம் என் தோளில் கை வைத்திருந்தார். ஆமாம் என்று அழுத்தினேன். கட்டம் சாம்பல் நிறமாக மாறியது.

"போச்சா?"

"போச்சு மேடம்."

"திரும்ப எடுக்க முடியாதே?"

"அந்த பார்ட்டிஷனே இல்லீங்களே மேடம்."

பார்ட்டிஷனை அழித்தால் போவது அட்டவணையில் ஒரு வரி மட்டும்தான். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற வரி. உள்ளே எழுதியவை, அவற்றின்மேல் வேறெதையாவது எழுதும்வரை அப்படியே கிடக்கும். மேடத்துக்கு அது தெரியாது.

"அது ஏன் சாம்பல் கலர்ல நிக்குது? ரெண்டாவதோட சேத்துடு."

"அதுக்கு நாலஞ்சு மணி நேரம் சிஸ்டத்த நிறுத்தி வெக்கணும் மேடம். நடுவுல கரண்ட் போனா எல்லாப் படமும் போயிரும். இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சு ஞாயித்துக்கிழமை பண்ணித் தர்றேன்."

நான்கு நிமிடம்கூட ஆகாது. ஆனால் சேர்த்துவிட்டால், சேர்த்த இடத்தில் புதிதாக எழுதத் தொடங்கிவிடும்.

இப்போதைக்கு இடம் வேண்டுமே. இரண்டாவது பார்ட்டிஷனில் அவசரத்துக்கென்று லினக்ஸ் நூற்றுக்கு ஐந்து பங்கைப் பூட்டி வைத்திருக்கும். அதை விடுவித்தேன். படங்கள் ஏறின. மேடம் என் கன்னத்தைத் தட்டி, "நீ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

அழிப்பதற்கு முன் பார்த்து மனப்பாடம் செய்தது, தொழில் முறைப்படி எழுதுகிறேன்:

தொடக்கம் 925847552
முடிவு 1953523711

பிப்ரவரி 19, திங்கள்

காலையில் மேடம் என்னை அழைத்து, "எட்வின் உங்கிட்ட பேசினானா?" என்றார். இல்லை என்றேன். "எனக்கு போன் பண்ணினான். ரெண்டு வருஷம் கழிச்சு என்ன திடீர்னு பயம் வந்துச்சோ, மன்னிச்சுருங்கன்னு அழறான். நீ பேசினதாச் சொன்னான்."

டோக்கன் அட்டைகளை எடுத்து வரிசையாக அடுக்கினேன்.

"வசு, உனக்கு ஒரு பொண்ணு இருக்குது. உன் வீட்டுக்காரரும் உங்க அத்தையும் கேட்டுத்தான் எதுவும் நடந்துச்சு. நானா யாரையும் வான்னு கூப்பிடல. போலீசு, கேசுன்னு வந்தா முதல்ல யாரு வீட்டு வாசல்ல நிக்கும்னு யோசி." பிறகு குரலை இறக்கி, "சீட்டு எல்லாத்துலயும் இருக்கறது உன் கையெழுத்து" என்றார்.

சாவிக்கொத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மூன்று பேர் வந்தார்கள். பெரிய டாக்டர் ஒருவர், ரெஜிஸ்டர் தூக்கிவந்த கிளார்க், மெஹருன்னிசா என்ற வழக்கறிஞர். பெரிய டாக்டர் மேடத்தோடு காபி குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நம்பலாமா என்று தெரியவில்லை. வழக்கறிஞர் காபியைத் தொடவில்லை. படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக டைப் அடித்தவள் நான்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு கிளார்க் பையை மூடினார். வழக்கறிஞர் என்னிடம் வந்து, "கம்ப்யூட்டர்ல இருக்கறது இவ்வளவுதானாம்மா?" என்றார். சம்பிரதாயமாகக் கேட்டதுதான். பதிலுக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை, செருப்பு மாட்டக் குனிந்தார்.

"இல்லீங்க" என்றேன்.

கேட்கவில்லையோ என்று மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

மேடம் எழுந்தார். "வசுமதி, நீ வீட்டுக்குப் போ. உடம்பு சரியில்லாம இருக்கா சார், காய்ச்சல்."

வழக்கறிஞர் செருப்பை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "இருக்கட்டும். காட்டுங்க."

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தேன். அழித்த வரியை அப்படியே மறுபடி எழுத, புதிய பார்ட்டிஷன் என்று கொடுத்து, தொடக்க எண்ணை அடித்தேன். டைரி மடியில் இருந்தது, ஆனாலும் பார்க்காமலே அடித்தேன். முடிவு எண்ணையும் அடித்தேன். இந்த இடத்தில் பழைய பதிவின் அடையாளம் இருக்கிறது, நீக்கிவிடவா என்று கேட்டது. இங்கே ஆமாம் என்றால் தீர்ந்தது. வேண்டாம் என்று அடித்தேன்.

பட்டியல் திறந்தது. வழக்கறிஞர் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவது பக்கத்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார், அதன்பின் அவர் சிரிக்கவில்லை. "யாரும் எதையும் தொடாதீங்க" என்று அவர்தான் சொன்னார். கம்ப்யூட்டருக்கும் ஸ்கேன் இயந்திரத்துக்கும் அரக்கு முத்திரை வைத்தார்கள்.

மேடம் என்னைத் திட்டவில்லை. "இத வெச்சு உன் குழந்தை வரப்போகுதா வசு?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 21, புதன்

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அத்தை என்னோடு பேசவில்லை. பக்கத்து வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டியலில் அவள் பெயரும் இருக்கிறது.

மத்தியானம் கோகிலா சுவரோரம் நின்று மெதுவாகச் சொன்னாள். "அக்கா, வேற ஊர்ல ஒரு எடம் பாத்துட்டாங்களாமா. நாளைக்குக் காலைல கார் வருது."

"நீ என்ன சொன்ன?"

"எங்கிட்ட யாரு கேட்டாங்க?"

பிப்ரவரி 22, வியாழன்

ஏழு மணிக்கு வெள்ளைக் கார் வந்து நின்றது. அத்தை முன்சீட்டில் ஏறினார். கோகிலாவின் கணவர் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தார். அவள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

நான் வாசலில் இறங்கி நின்று சொன்னேன். "கோகிலா, எனக்குத் துடிப்பு இல்லைன்னு சொன்னாங்க. இருந்துச்சு. நூத்தி அம்பத்திரண்டு. பொண்ணு. அந்தக் கம்ப்யூட்டர்ல நான் கண்ணால பாத்தேன்."

"வாய மூடு!" என்றார் அத்தை காருக்குள்ளிருந்து. "தெருவுல நின்னு பேசற பேச்சா இது?"

"உங்ககிட்டயும் சொல்லிட்டுத்தான் பண்ணாங்க அத்தை. இவருகிட்டயும்."

பின்னால் இவர் நிற்பது தெரியும். திரும்பிப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனோ என்னவோ. அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

கோகிலா காலை வெளியே எடுத்தாள். யாரையும் பார்க்காமல் நடந்து என் பின்னால் வந்து நின்றாள். அவள் கணவர், "கோகிலா, ஏறு" என்றார். இரண்டாம் முறை சொல்லும்போது குரலில் பலமில்லை. டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டார். "எனக்கு இந்தப் பொழப்பு வேண்டாமுங்க, வேற வண்டி பாத்துக்குங்க" என்றார்.

அவளையும் இரண்டு பிள்ளைகளையும் கனிஷ்காவையும் கூட்டிக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். இவர் பஸ் ஸ்டாண்ட் வரை பின்னாலேயே வந்தார்.

பிப்ரவரி 26, திங்கள்

ஸ்டேஷனில் வாக்குமூலம். காலை பத்திலிருந்து மூன்று மணி வரை. எழுதியவர் வயதான ஏட்டு. பொறுமையானவர். வழக்கறிஞர் மெஹருன்னிசா பக்கத்தில் இருந்தார். டைரியை வாங்கிக்கொள்ளப் போகிறார்கள். இந்தப் பக்கத்தை முடித்துத் தருகிறேன் என்று கேட்டு, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேடத்தின் தரப்பில், எல்லாம் நானும் எட்வினும் செய்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். சீட்டுகளைக் கட்டாகக் கட்டி மேசைமேல் வைத்திருந்தார்கள். எல்லாம் என் கையெழுத்து. திங்கள், வெள்ளி, வெள்ளி, திங்கள், வெள்ளி.

கடைசியில் ஏட்டு பேனாவை நிறுத்தி, என்மேல் இரக்கப்பட்டவர் போலக் கேட்டார். "ஏம்மா, கிழமைக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு அந்தப் பட்டியலப் பாத்ததுக்கப்புறந்தான் தெரிஞ்சுது, அதுக்கு முன்ன தெரியாது. அப்படித்தானே? அப்படியே எழுதிக்கட்டுமா?"

வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லலாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார்.

நான் அந்தக் கட்டிலிருந்து மேலாக இருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். பெயர் நினைவில்லை. முகம் நினைவிருந்தது. பச்சைப் புடவை. சீட்டை வாங்கும்போது அவள் என்னிடம், "வெள்ளின்னா நல்லதுங்களா அக்கா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்து, அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டேன்.

"இல்லீங்க" என்றேன். "தெரியும்னு எழுதுங்க."